எண்கள் நீளமான மொழி

மே மாதம். துர்க்கு துறைமுகம்.
காரைக் கப்பலின் வயிற்றில் நிறுத்திவிட்டு மேலே வந்தோம்,
சிசெலும் நானும். அறை எடுக்கவில்லை.
படுக்கைக்குக் கொடுக்கும் காசில்
இரண்டு டஜன் பந்து வாங்கலாம்.
ஏழாம் தளத்து நடைவழிக் கம்பளத்தில்
காகிதக் குவளையைப் படுக்கவைத்து
விடிய விடியத் தள்ளிப் பழகினோம்.
நேராகப் போன பந்தைக்
கடல் வந்து வளைத்தது.
குடித்திருந்த ஒருவர்
பந்தைத் தாண்டக் காலை உயரத் தூக்கி
அதனிடமே மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார்.

பன்னிரண்டு போட்டிகள். நான்கு நாடுகள்.
பருவ முடிவில் முதல் ஐந்து பேர் மேலே போவார்கள்.
மற்றவர்கள்
வீட்டுக்குப் போவார்கள்.

முதல் போட்டியில் இரண்டு அடியில் வெளியே.
இரண்டாவதில் இருபத்து மூன்றாம் இடம்.
பரிசு முந்நூற்றுப் பத்து யூரோ,
நுழைவுக் கட்டணம் இருநூற்றுத் தொண்ணூறு.
மிச்சத்தில் ஒரு கையுறை வாங்கினேன், இடது கைக்கு.
இந்த ஆட்டத்தில் வலது கைக்கு
யாரும் எதுவும் வாங்குவதில்லை.

ஜூனில் வடக்கே இரவு வரவே இல்லை.
போதும் என்று சொல்ல இருட்டு இல்லாததால்
எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை.
புல் வெட்டும் ஒர்யான் வந்து
பன்னிரண்டரை மணி வெயிலில்
குழியிலிருந்து கொடியைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.
"இனி எதைப் பார்த்து அடிப்பீர்கள், தூங்குங்கள்."
கொசு இல்லாத பக்கமாகத் திரும்பிப் படுத்தோம்.
அப்படி ஒரு பக்கம் இல்லை.

ஆகஸ்ட். யூலாந்தில் ஒரு கூடார முகாம்.
குளியலறைக் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிசெல் சொன்னாள்:
ஓலெசுண்டில் மீன் தீவனக் கம்பெனி,
திங்களன்று சேரவேண்டும்.
என் வாய் நிறைய பற்பசை நுரை.
துப்பி முடிப்பதற்குள்
அவள் துண்டை மடித்திருந்தாள்.

ரயிலடியில் விட்டுவிட்டு வந்த மறுநாள்
டிக்கியில் அவளுடைய தள்ளுமட்டை கிடந்தது,
ஈரச் சாக்ஸுக்குள் தலையைச் சொருகியபடி.
போன் செய்தேன்.
மறந்துவிட்டேன் என்றாள்.
மறக்க அது என்ன குடையா?
எனக்கு இரண்டு விரற்கடை குட்டை.
குனிந்து ஆடிப் பார்த்தேன். விழுந்தது.
அதன்பின் குனிந்தே ஆடினேன்.

அக்டோபர், கடைசிப் போட்டி, கடைசிக் குழி.
வடகடல் காற்றில் காதே மரத்துப்போன மதியம்.
பதினெட்டு அடியிலிருந்து தள்ளிய பந்து
குழியின் உதட்டில் பாதி தொங்கி நின்றது.
விதிப்படி பத்து நொடி காத்திருக்கலாம்.
லேர்க்கே டேனிஷில் எண்ணினாள்.
நான் பின்னிஷில்.
அவள் மொழியில் எண்கள் பட்டாணி,
வாயில் போட்டதும் காணாமல் போகும்.
என் மொழியில் எண்கள் சரக்கு ரயில்.
நான் ஒன்பதின் கடைசிப் பெட்டியை
இழுத்துக்கொண்டிருந்தபோது
பந்து விழுந்தது.

பதினொன்று, என்றாள் லேர்க்கே.
நடுவர் கடிகாரத்தைக் காட்டினார்.
அதற்கு மொழி கிடையாது.
பதினொன்றுதான்.
விழுந்த பந்துக்கு ஓர் அடி கூடுதலாக எழுதினேன்.
என்னைவிட அவள்தான் அதிகம் வருந்தினாள்;
தன் தெர்மாஸிலிருந்து காபி ஊற்றித் தந்தாள்.

அந்த ஒன்று இல்லாதிருந்தால்
நாற்பத்தொன்று முப்பத்தொன்பது ஆகியிருக்கும்.
ஐந்துக்குப் பக்கத்தில்கூட இல்லை.
இதைச் சொல்லித்தான் தூங்குகிறேன், தூக்கம் வரும் நாட்களில்.

இப்போது காயானியில் நகராட்சிப் பனிவண்டி ஓட்டுகிறேன்.
அதிகாலை மூன்றரைக்குத் தொடங்கும் வேலை.
மருத்துவமனை வாசலிலிருந்து பஸ் நிறுத்தம்
எட்டாம் இரும்பு.
நூலகம்வரை என்றால் ஆறு, எதிர்க்காற்றில் ஐந்து.
சிசெலின் மட்டை இருக்கைக்குப் பின்னால்;
படியில் உறைந்த பனியைத் தட்ட
அந்த நீளம் சரியாக இருக்கிறது.

ஆள் இல்லாத சந்தியில் சிவப்பு விளக்கு.
எண்ணுகிறேன்,
ஒவ்வொரு சொல்லையும் முழுசாக.
ஒன்பதில்
பச்சை விழுகிறது.